குண்டசாலை வீட்டின் இரண்டு விலைகள்

ஸ்காபரோவில் வசிக்கும் நண்பரொருவர் சென்ற வாரம் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். மெனிக்கின்னவுக்கு அருகே அவருடைய பெற்றோரின் வீடு இருக்கிறது. 2025 மார்ச்சில் அதனை விற்பனைக்கு விட்டார்கள். எட்டு மாதங்கள் விளம்பரம் ஓடியது. பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர், வாங்கியவர் ஒருவருமில்லை. நவம்பரில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; மாவட்டங்களுள் கண்டியே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அத்தோடு நண்பர் விளம்பரத்தை எடுத்துவிட்டார். "நாடு இருக்கிற நிலைமையில் இனி யார் வாங்கப் போகிறான்? நிலைமை சரியாகும் வரை பொறுப்பதா, திரும்பவும் போடுவதா? நீ ஒருமுறை விற்காமல் போன வீட்டைத் திரும்ப விற்றவன்தானே, சொல்" என்று கேட்டிருந்தார்.

நண்பருக்கு நான்கு வரியில் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. கண்டியிலும் மாத்தளையிலும் பதுளையிலும் பெற்றோரின் வீட்டை வைத்துக்கொண்டு, ஒருமுறை விற்பனைக்கு விட்டு, விலைபோகாமல் பலகையைக் கழற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டு இருக்கின்றன. அவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நாட்டு நிலைமை. நாங்களும் ஆறு வருடங்கள் அதையே சொன்னோம். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனை எழுதிவைக்க வேண்டும் என்று பலநாள் நினைத்ததுண்டு. நண்பரின் கடிதம் அதற்கு வழிசெய்திருக்கிறது.

எங்கள் வீடு குண்டசாலையில் இருந்தது. கண்டியிலிருந்து மகாவலியைக் கடந்து, பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும் ஊர். கண்டி இராச்சியத்தின் கடைசிச் சிங்கள மன்னனான வீர நரேந்திரசிங்கன் (1707 - 1739) இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்ததால் அவனுக்குக் 'குண்டசாலை மன்னன்' என்றே பெயர். மதுரையிலிருந்து பெண்ணெடுத்தவன். அவனுக்குப் பின் அரசியின் தம்பி அரியணை ஏற, நாயக்கர் வம்சம் தொடங்கிற்று. எங்கள் அப்பாவுக்கு இந்தக் கதையில் மிகுந்த பிரியம். "மதுரை ராணி இருந்த ஊருடா இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இன்றைய குண்டசாலையை விவசாயக் கல்லூரிக்காகவும், பல்லேகலையின் கைத்தொழில் வலயத்துக்காகவும், கிரிக்கெட் மைதானத்துக்காகவும்தான் மற்றவர்கள் அறிவார்கள்.

அப்பா தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். தோட்டத்தில் எவருக்கும் சொந்த வீடு கிடையாது. தொழிலாளிக்கு லயன் அறை, கிளாக்கருக்குக் குவாட்டர்ஸ். வேலை முடிந்தால் இரண்டையும் காலிசெய்ய வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற்ற சிலருள் அப்பாவும் ஒருவர். அவருடைய தம்பிக்கு அது கிடைக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி சித்தப்பா குடும்பம் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போனது. தலைவாசலில் நின்று அவர்களை வழியனுப்பிய அன்றே ஒரு துண்டு நிலமாவது வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்ததாக அப்பா சொல்வார். 1979இல், ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னர், குண்டசாலையில் 20 பேர்ச்சஸ் வாங்கினார். யாழ்ப்பாணத்து வாசகர்கள் இரண்டு பரப்பு என்று கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்கு இரண்டேகால் கிரவுண்ட். எங்கள் பரம்பரையில் எவருடைய பெயரிலாவது எழுதப்பட்ட முதலாவது காணி உறுதி அது. அப்பா அதனை நெகிழித் தாளில் சுற்றி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இந்த முன்கதையைச் சொல்லாமல் நாங்கள் கேட்ட விலையை விளக்க முடியாது.

1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியை எங்களை மூன்று இரவுகள் தம் வீட்டின் உள்ளறையில் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்தார். அப்பா செலவழித்ததில் பாதிக்கும் குறைந்த தொகையைச் சொல்லி, "நீங்கள் எப்படியும் போகத்தானே போகிறீர்கள், கையில் காசாகத் தருகிறேன்" என்றார். அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு எழுந்து நின்று, "பயந்து வித்தா அது விலை இல்லீங்க. இந்த வீட்ட விக்கிறதா இல்ல" என்றார். நாங்கள் மூவரும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த 'இல்ல' எங்கள் குடும்பத்தின் வேதவாக்காகிவிட்டது. அண்ணன் ரொறன்ரோவுக்குப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா 2009இல் காலமானார். அம்மா தனியே இருந்தார். நான் கொழும்பில், தங்கச்சி மாத்தளையில் ஆசிரியை. 2018 ஜனவரியில், அம்மாவுக்கு எழுபத்தாறு வயதானபோது, வீட்டை விற்று அவரைக் கொழும்புக்கு அழைத்துவருவது என்று முடிவாயிற்று. விலையைத் தீர்மானித்தவர் அண்ணன். இரண்டு கோடியே நாற்பது இலட்சம்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பிறகு நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். 1998இல் அண்ணன் அனுப்பிய காசில் தரைக்கு ஓடு பதித்தது அதில் இருந்தது. பின்பக்க அறை கட்ட அம்மா விற்ற வளையல்கள் இருந்தன. திகன வீதியில் யாரோ ஒருவர் இதைவிடச் சிறிய வீட்டுக்கு இரண்டு கோடி 'சொல்கிறாராம்' என்று தொலைபேசியில் கேள்விப்பட்டது இருந்தது. 1983இல் வந்தவருக்கு அப்பா கொடுத்த பதிலும் இருந்தது. வாங்க வருகிறவன் இவற்றில் எதற்கும் காசு தரப்போவதில்லை. இன்னொருவர் 'சொல்கிற' விலையைக் கொண்டு நம் வீட்டை மதிப்பிடுவது இந்நாட்டில் எல்லோரும் செய்யும் தவறு. விளம்பரத்தில் காணும் தொகை விற்பவருடைய ஆசை. உறுதியில் எழுதப்படும் தொகையையும் முழுதாக நம்ப முடியாது என்பது ஊரறிந்த இரகசியம். ஆகவே அண்மையில் உண்மையாகவே விற்ற அயலவரை நேரில் கேட்பது, அல்லது தகுதிபெற்ற மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் பெறுவது, இந்த இரண்டைத் தவிர விலையறிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

விளம்பரத்தை நான் எழுதினேன். இருபது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைக்குத் தலைப்பு எழுதியவன் என்ற மிதப்பு எனக்கு. 'மன்னன் மாளிகை கண்ட மண்ணில், மகாவலியின் இதமான காற்றில்' என்று தொடங்கினேன். தண்ணீர் வசதி உண்டா, வீதி எத்தனை அடி, உறுதி யார் பெயரில், வங்கிக் கடன் பெறலாமா என்பது எதுவும் அதில் இல்லை. போதாக்குறைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டோம். "நம்ம ஆளுங்க யாராச்சும் வாங்குனா நல்லது" என்று அம்மா சொன்னதுதான் காரணம். குண்டசாலையில் வீடு தேடுவோரில் மிகப் பெரும்பாலோர் சிங்களவர் என்பதை அங்கே நாற்பது வருடம் வாழ்ந்த நாங்கள் மறந்துபோனோம்.

அண்ணனின் மனத்திலிருந்த வாங்குபவர் வேறொருவர். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வசதியாக இருக்கும் தமிழர், ஊரில் ஒரு வீடு இருக்கட்டுமென்று டொலரில் வாங்கிப்போடுவார் என்பது அவருடைய எண்ணம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பாராதீனப்படுத்தல் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. கனடியக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், இரட்டைக் குடியுரிமை எடுத்தாலன்றி, நம் வீட்டை வாங்க முடியாது. அண்ணனே அந்த வீட்டை வாங்க முடியாது. அவருடைய பங்கு வாரிசுரிமையாக வந்தது. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இப்போது நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

2018 பெப்ரவரி முதல் வாரத்தில் திகனவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அம்மாவிடம் மரியாதையாகப் பேசினார். மூன்று நாள் கழித்து மறுபடி வந்து, ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் தருவதாகச் சொன்னார். உறுதிச் சிக்கலைத் தானே பொறுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கும் தங்கச்சிக்கும் கொடுத்துவிடலாம் என்று பட்டது. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "அப்பா அன்னைக்கே இல்லன்னு சொன்ன வீடு தம்பி. சும்மா தூக்கிக் குடுக்க முடியாது" என்றார். நான் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும். வியாபாரியிடம் இல்லையென்று சொன்னவன் நான்.

மார்ச் 5ஆம் திகதி திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. செய்தியாளனாக நான் அங்கே போனேன். எரிந்த கடைகளின் வரிசையில் அவருடையதும் ஒன்று. அவரை நான் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. 1983இல் நாங்கள் நின்ற இடத்தில் 2018இல் அவர் நின்றார். அவருடைய காசை அவர் தன் மக்களுக்குப் பாதுகாப்பான கூரையாக மாற்ற வந்த வேளையில், அப்பாவின் சொல்லைக் காட்டி நாங்கள் திருப்பியனுப்பியிருந்தோம்.

அதன்பிறகு வீடு ஏன் விற்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்ன பதில், "திகனப் பிரச்சினைதான்" என்பது. 2019 ஏப்ரல் 21க்குப் பின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். 2020இல் கொரோனா. 2022இல் நாடு வங்குரோத்து. இலங்கையில் வீடு விற்காமைக்குக் காரணம் தேடுபவனுக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. ஒவ்வொரு காரணமும் உண்மை. எங்கள் விடயத்தில் ஒவ்வொன்றும் சாட்டு. நியாயமான விலை கலவரத்துக்கு நான்கு வாரம் முன்னரே வாசலில் வந்து நின்று போய்விட்டது.

வீடு விற்பனைக்கு நிற்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். முதல் மாதம் வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். ஆறாம் மாதம் வருகிறவர்கள், "ஏன் இன்னும் விற்கவில்லை?" என்று கேட்கிறார்கள். ஆண்டு கடந்தால் ஊரே பதில் சொல்லத் தொடங்குகிறது. கிணற்றில் தோஷமாம், மண் இறங்குகிறதாம், அண்ணன் தம்பிக்குள் வழக்காம். நான்கு தரகர்கள் எங்கள் வீட்டை நான்கு விலைக்கு இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் இருபது இலட்சம் வித்தியாசம். அவர்களில் ஒருவர் போட்டிருந்த படம் வேறு யாருடையதோ வீடு. 2019 மே மாதம் வாசற்பலகையைக் கழற்றியபோது 'விற்பனைக்கு' என்ற சொல்லில் பாதி துருப்பிடித்துப் போயிருந்தது.

ஆனால் பலகை கழன்றாலும் அம்மாவின் மனத்திலிருந்து அது கழலவில்லை. இன்றோ நாளையோ போகப்போகிற வீடு என்றுதான் அவர் ஆறு வருடங்களும் அதில் வாழ்ந்தார். ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றவில்லை; கீழே வாளி வைத்தார். நல்ல புடவைகளை ஒரு பெட்டியில் கட்டி வைத்துவிட்டு இரண்டு புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டினார். வருடம் தவறாமல் வெண்டியும் போஞ்சியும் போடுகிறவர் போடுவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "விக்கப் போற வீட்டுல எதுக்குப்பா வெண்டி போடணும்?" என்றார். விலையைப் பற்றி நாங்கள் மூவரும் எத்தனையோ கணக்குப் பார்த்திருக்கிறோம். இது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018 பெப்ரவரியில் ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் என்பது, டொலர் 154 ரூபா அளவில் இருந்தபடியால், சுமார் 1,13,000 டொலர். 2024 ஜூனில் நாங்கள் விற்றது இரண்டு கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கு. டொலர் அப்போது 300ஐத் தாண்டியிருந்ததால் அது 95,000 டொலர் அளவிலேயே. முதலில் கிடைத்ததை வங்கியில் போட்டிருந்தால், இடையில் ஏறி இறங்கிய வட்டிகளைச் சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டாலும், ஆறு வருடத்தில் மூன்று கோடியைத் தாண்டியிருக்கும். ரூபாவில் பார்த்தால் காத்திருந்து வென்றுவிட்டோம் என்று அண்ணன் மகிழ்ந்தார். டொலரில் சம்பளம் வாங்குகிறவர் அவர். ஆனாலும் அந்தக் கணக்கை மட்டும் ரூபாவில் பார்த்தார்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய பித்து அல்ல. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்தோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 1990களில் பொஸ்டன் நகரின் மாடிவீட்டுச் சந்தையை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையொன்று உண்டு. வாங்கிய விலைக்குக் குறைவாக விற்க நேர்ந்தவர்கள் சந்தையைவிடக் கூட்டிக் கேட்டார்கள், நெடுநாள் காத்திருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. முதலீட்டுக்காக வாங்கியவர்களைவிட அந்த வீட்டில் வசித்தவர்களிடமே இந்தப் பிடிவாதம் கூடுதலாக இருந்ததாம். பொஸ்டன்காரனுக்கு வாங்கிய விலைதான் பாரம். எங்களுக்கு 1948, 1964, 1983 எல்லாம் சேர்ந்து அந்த விலையில் ஏறி உட்கார்ந்திருந்தன.

அப்பாவின் 'இல்ல' தவறா என்று தங்கச்சி ஒருமுறை கேட்டாள். தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். 1983இல் வந்தவர் எங்கள் பயத்துக்கு விலைபேசினார். அவருக்கு அப்பா சொன்னதுதான் சரியான பதில். 2018இல் வந்தவர் எங்கள் வீட்டுக்கு விலைபேசினார். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னதுதான் நாங்கள் செய்த பிழை. நம் மக்களில் பலர் விலையைக் குறைப்பதைத் தோற்றுப்போவதாக நினைப்பதற்கு இப்படியொரு பழைய காயம் பின்னால் இருக்கும். காயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்க வந்தவனிடம் அதற்கு விலை கேட்பது நியாயமில்லை.

இரண்டாம் முறை என்ன செய்தோம் என்றுதான் நண்பர் கேட்டிருந்தார். 2023இல் தங்கச்சி பொறுப்பெடுத்தாள். அவள் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், முதலில் சட்டத்தரணியிடம் போனாள். அப்பா மரணசாதனம் எழுதவில்லை. பொதுச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மறுபாதி பிள்ளைகள் மூவருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் முடிக்க வேண்டிய காரியத்தை நாங்கள் பதினான்கு வருடமாகத் தொடவேயில்லை. 2018இல் வந்த வியாபாரி கைக்காசு வைத்திருந்தார், அதனால் பொறுத்துக்கொண்டிருப்பார். மாதச் சம்பளக்காரருக்கு அது இயலாது. அவர் வங்கிக்குப் போக வேண்டும். வங்கி தலைமுறைக் காலத்துக்குப் பின்னோக்கி உறுதியின் தொடர்ச்சியைக் கேட்கும், நில அளவைப் படம் கேட்கும், பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கேட்கும், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் கேட்கும். அம்மாவின் வளையலில் எழுந்த பின்பக்க அறைக்கு நாங்கள் அனுமதியே பெற்றிருக்கவில்லை. அதைச் சீர்செய்யவே மாதங்கள் பிடித்தன. அண்ணன் ரொறன்ரோவில் அற்றோணித் தத்துவம் எழுதி, முறைப்படி உறுதிசெய்து, இங்கே பதிவுசெய்ய அனுப்பினார். அந்தத் தாளில் கையெழுத்திட்ட இரவு அவர் என்னை அழைத்து வெகுநேரம் பேசினார். வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஐஸ் ஹொக்கி பற்றிப் பேசினார்.

பிறகு மதிப்பீட்டாளர் வந்தார். அவர் எழுதிய தொகை எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முதன்முறையாக அது எங்கள் மூவருக்கும் வெளியிலிருந்து வந்த தொகை. அண்ணனோடு சண்டைபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குச் சற்று மேலே மூன்று கோடியே பத்து இலட்சம் என்று வைத்து, தரகர் ஒருவரிடம் மட்டும் கொடுத்தோம். புதிய விளம்பரத்தைப் பக்கத்து வீட்டு டீச்சரின் மகள் சிங்களத்தில் எழுதினாள். மன்னன் இல்லை, மகாவலி இல்லை. 20 பேர்ச்சஸ், மூன்று அறைகள், பதினைந்தடி வீதி, குழாய்நீர், 'சின்னக்கர' உறுதி, வங்கிக் கடன் பெறலாம். 'சின்னக்கர' என்பது நம் அறுதியுறுதி. அந்த ஒரு சொல்லுக்காகவே பத்துப் பேர் அழைத்தார்கள்.

காலமும் ஒத்துழைத்தது; அதை மறைக்க மாட்டேன். 2022 இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த வட்டியில் எவனும் வீடு வாங்கமாட்டான். 2024 நடுப்பகுதியில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. பல்லேகலையில் வேலைசெய்யும் ஒரு சிங்கள இளைஞரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். மனைவி பாடசாலை ஆசிரியை. பேரம் பேசி இரண்டு கோடியே தொண்ணூறுக்கு இறங்கினோம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. ஆகவே வாய்வார்த்தையில் நின்றுவிடாமல் முற்பணத்தோடு ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டோம். சில உறவினர்கள் "போயும் போயும் அவங்களுக்கா" என்று கேட்டார்கள். 1983இல் மூன்று இரவு எங்களை மறைத்து வைத்தவர்கள் யார் என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை. அம்மா கேட்டார்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்காக இன்னொன்று. 2018 முதல் இங்கே மூலதன இலாப வரி மீண்டும் நடைமுறையில் உள்ளது. விற்பவர் தாம் வசித்த வீட்டை விற்றால், உரிய காலம் உடைமையாளராகவும் குடியிருப்பவராகவும் இருந்திருந்தால், விலக்கு உண்டு. அம்மாவின் பாதிக்கு அது கிடைத்தது. வெளியே வாழ்ந்த பிள்ளைகளின் பங்குக்குக் கிடைக்கவில்லை. 2017 செப்டெம்பர் 30இல் உங்கள் கையில் இருந்த சொத்தாயின் அன்றைய சந்தைப் பெறுமதியே கிரயமாகக் கொள்ளப்படும். அத்திகதிக்குரிய மதிப்பீட்டை முன்கூட்டியே எடுத்துவைத்தால் பின்னால் அலைய வேண்டியதில்லை. நாங்கள் விற்றபோது தனியாளுக்கு 10 சதவீதமாக இருந்த வரி, 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம்.

நண்பரின் வீட்டுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. புயலுக்குப் பின் கண்டியில் வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்க்குமுன் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவைப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் குறித்த அறிக்கையைக் கேட்டுப் பெறாமல் அந்த வீட்டை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. அறிக்கை பாதகமாக வந்தால்? விலை அதற்கேற்ப இறங்கட்டும். அபாயம் பெரிதென்றால் விற்பனையை விட்டுவிட்டு, முதலில் அங்கே இருப்பவர்களை வெளியே எடுக்கட்டும். அறிந்தும் மறைத்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதை என்னால் நண்பருக்குச் சொல்ல முடியாது.

அம்மா இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். உறுதியின் நிழற்படப் பிரதி ஒன்றைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறார். வந்த இரண்டாம் வாரம் மாடத்தில் நான்கு பழைய வாளிகளில் மண் நிரப்பச் சொன்னார். ஒழுகலுக்கு வைத்த அதே வாளிகள்தான். குண்டசாலையிலிருந்து லொறியில் வந்தவை.

நண்பருக்கு நான் அனுப்பிய நான்கு வரி இதுதான்: முதலில் உறுதியின் பிரதியையும் சரிவின் படத்தையும் அனுப்பு. விலையைப் பிறகு பேசுவோம். முதல்முறை யாராவது நியாயமான தொகை சொல்லி நீங்கள் திருப்பியனுப்பினீர்களா என்று உண்மையைச் சொல். உன் அம்மா இந்த வருடம் தோட்டத்தில் ஏதாவது நட்டாரா என்றும் கேட்டு எழுது.